அரிசிக்கும் பால்மாவுக்கும் அஞ்சும் வீடு: உண்மையில் எதற்கு அஞ்ச வேண்டும்?

வெள்ளவத்தை வாசகி எழுதியது

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் என் கணவர், 3 வயது மகன், 74 வயதான அம்மா, வேலைக்குப் போகும் தங்கை ஆகியோருடன் வாழ்கிறேன். எங்கள் வீட்டில் சில வாரங்களாக உணவைப் பற்றியும் கடைச் சாமான்களைப் பற்றியும் ஓயாத விவாதம் நடக்கிறது. அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம் என்றே இதை எழுதுகிறேன்.

சென்ற மாதம் அம்மாவின் தொலைபேசிக்கு ஒரு காணொளி வந்தது. அதில் ஒருவர் சோற்றை உருண்டையாக்கி மேசையில் போடுகிறார். அது பந்துபோலத் துள்ளுகிறது. இது சீனாவில் பிளாஸ்டிக்கால் செய்த அரிசி, இலங்கைக்கும் வந்துவிட்டது என்கிறார். அன்று முதல் அம்மா கடை அரிசிச் சோற்றைத் தொடுவதில்லை. சாவகச்சேரியிலிருந்து வருகிறவர்கள் யாராவது மொட்டைக்கறுப்பன் அரிசி கொண்டுவந்து தந்தால் உண்கிறார். அது முடிந்துவிட்டால் ஒரு துண்டுப் பாணும் தேநீரும்தான். அவர் நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர் என்பதால் இரண்டு முறை தலைசுற்றி விழப் பார்த்தார்.

எனக்கும் அச்சம் இல்லாமல் இல்லை. 2013இல் பால்மா பற்றி வந்த செய்திகள் நினைவில் இருக்கின்றன. 2021இல் சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்பு தேங்காயெண்ணெய்ப் பிரச்சினை வந்தபோது பலகாரம் சுடாமலே பண்டிகையைக் கழித்தோம். மகனுக்குப் புறக்கோட்டையில் வாங்கிய விளையாட்டுப் பொருள்களை அவன் வாயில் வைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. சீனப் பொருள்களை முற்றாகத் தவிர்த்தால் போதுமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழியுண்டா? சந்தேகம் வந்தால் யாரிடம் போவது?

முன்னாள் ஆய்வுகூடத்தவர் எழுதியது

சகோதரி, முதலில் அம்மாவின் அச்சத்தைத் தீர்த்துவிடுவோம். நீரிழிவுக்கு மாத்திரை எடுப்பவர் உணவைத் தவிர்ப்பதே இன்றைக்கு உங்கள் வீட்டில் உள்ள உடனடி ஆபத்து. சோற்றுருண்டை துள்ளுவது அது உண்மையான சோறு என்பதற்கே சான்று. அரிசியின் மாப்பொருள் கொதிநீரில் ஊறி, வீங்கி, பசையாகிறது. அதை அழுத்தி உருட்டினால் காற்று வெளியேறி மீள்தன்மையுள்ள பந்தாகத் திரள்கிறது. மோதகத்துக்கும் கொழுக்கட்டைக்கும் மா குழைத்த கைகளுக்கு இது தெரியும். பிளாஸ்டிக் நீரை உறிஞ்சாது, எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் சோறாக மலராது. கலப்படம் செய்கிறவன் விலை கூடியதில் மலிவானதைக் கலப்பானே தவிர, அரிசியில் அரிசியைவிட விலை கூடிய பிளாஸ்டிக்கைக் கலந்து நட்டப்பட மாட்டான் என்பதையும் அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

இந்த வதந்தி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2016 டிசம்பரில் நைஜீரியச் சுங்கத்தினர் பிளாஸ்டிக் அரிசி என்று சொல்லி 102 மூட்டைகளைக் கைப்பற்றினார்கள். அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பரிசோதித்தபோது அது பிளாஸ்டிக் அல்ல என்று தெரிந்தது. ஆனால் அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலான நுண்கிருமிகள் அதில் இருந்தன. என் பணிக்காலம் முழுவதும் நான் கண்டதும் இதுவே: மக்கள் ஒன்றுக்கு அஞ்சுவார்கள், குற்றம் வேறொன்றில் இருக்கும்.

மக்கள் காரணமில்லாமல் அஞ்சுகிறார்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். 2008இல் சீனாவில் நடந்ததை மறக்க முடியாது. பாலில் நீரைக் கலந்தவர்கள் அதை மறைக்க மெலமைன் என்னும் பொருளைச் சேர்த்தார்கள். பாலின் புரதத்தை அளக்க வழக்கமாகச் செய்யும் பரிசோதனை உண்மையில் அதிலுள்ள நைதரசனையே அளக்கிறது. மெலமைனில் நைதரசன் மிகுதி. ஆகவே நீர்த்த பால் பரிசோதனையில் நல்ல பாலாகத் தேறியது. ஏறத்தாழ 3,00,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்ததாக அரசு ஒப்புக்கொண்டது, சிறுநீரகத்தில் கல் அடைத்துத் துன்புற்ற பிஞ்சுகளின் படங்கள் உலகெங்கும் வந்தன. பரிசோதனை எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை நன்கறிந்தவர்கள் திட்டமிட்டுச் செய்த குற்றம் அது. வீட்டில் சுவைத்தும் முகர்ந்தும் அதைக் கண்டுபிடித்திருக்க எந்தத் தாயாலும் முடியாது.

2013இல் நாம் கண்டது வேறு வகையானது. நியூசிலாந்தில் மேய்ச்சல் நிலத்திலிருந்து நைதரசன் வழிந்து ஆறுகளில் கலப்பதைக் குறைக்க டிசிடி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் டைசயன்டையமைட்டை இட்டார்கள். அதன் தடயம் பாலில் தெரியவந்ததும் அவ்வாண்டு ஜனவரியிலேயே அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஓகஸ்டில் இங்கே சுகாதார அமைச்சு நடவடிக்கை எடுத்தது, நீதிமன்றத் தடையுத்தரவு வந்தது, நியூசிலாந்தின் ஃபொன்டெரா நிறுவனத்தின் பால்மாக்கள் கடைத் தட்டுகளிலிருந்து இறக்கப்பட்டன. உணவில் டிசிடி எவ்வளவு இருக்கலாம் என்று அப்போது சர்வதேச வரையறையே இருக்கவில்லை. வரையறை இல்லாத ஒரு பொருளைப் பற்றி ஆய்வுகூடம் ‘இருக்கிறது’ என்றும் நிறுவனம் ‘தீங்கில்லை’ என்றும் கூறினால் பொதுமகன் யாரை நம்புவான்? அதே மாதத்தில் அதே நிறுவனத்தின் மோர்ப்புரதத்தில் கொடிய பொட்டுலிசம் கிருமி இருப்பதாகச் செய்தி வந்தது. சில வாரங்களில், அது வேறொரு தீங்கற்ற கிருமி என்று நியூசிலாந்து அரசே அறிவித்தது. முதற்செய்தியைக் கேட்ட நம்மவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாம் செய்தி போய்ச் சேர்ந்தது?

தேங்காயெண்ணெயைப் பொறுத்தவரை, 2021இல் இறக்குமதியான எண்ணெயில் காணப்பட்ட அஃபலடொக்சின் என்பது உண்மையான நஞ்சு. ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும். ஆனால் அதை யாரும் ஊற்றிக் கலப்பதில்லை. கொப்பறை ஒழுங்காகக் காயாமல் பூஞ்சணம் பிடித்தால் அது தானாக உருவாகிறது. சுத்திகரிப்பின்போது அதன் பெரும்பகுதி நீங்கிவிடும். சுத்திகரிக்காத எண்ணெய் நேரே சந்தைக்குப் போனால்தான் ஆபத்து. மழைக்காலத்தில் நம் நாட்டிலேயே அரைகுறையாகக் காய்ந்த கொப்பறைக்கும், பூஞ்சணம் பிடித்த கச்சானுக்கும், செத்தல் மிளகாய்க்கும் இது பொருந்தும். பூஞ்சணத்துக்குக் கடவுச்சீட்டு கிடையாது.

வீட்டுச் சோதனைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெலமைன், அஃபலடொக்சின், ஈயம், பாதரசம் ஆகிய எதையும் வீட்டில் கண்டறிய முடியாது. சந்தேகமான உணவுப் பொருளைப் பொதியோடும் பற்றுச்சீட்டோடும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. காலாவதித் திகதியை அழித்தல், மாற்றி ஒட்டுதல், விவரச்சீட்டே இல்லாமல் விற்றல் போன்றவற்றை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்னும் இலக்கத்தில் முறையிடலாம்.

கொட்டாஞ்சேனைக் குடும்பத்தவர் எழுதியது

இவ்வளவு விளக்கமும் தேவையில்லை என்பது என் தாழ்மையான கருத்து. வெளிநாட்டுப் பொருளை விட்டுவிட்டு உள்நாட்டில் விளைந்ததையும் உற்பத்தியானதையும் மட்டும் வாங்கினால் பாதி அச்சம் போய்விடும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

முன்னாள் ஆய்வுகூடத்தவர் எழுதியது

ஐயா, உள்நாட்டு உற்பத்தியாளரை ஆதரிப்பதில் எனக்கும் விருப்பம் உண்டு. அதைப் பாதுகாப்புக்கான உறுதியாகக் கொள்ள மட்டும் முடியாது. 2020இல் மஞ்சள் இறக்குமதி தடைப்பட்டு, ஒரு கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்போது மஞ்சள் தூளில் அரிசி மாவும் கோதுமை மாவும் நிறமும் கலந்து விற்றவர்கள் நம் ஊரவர்களே. மறுபுறத்தில், பங்களாதேஷில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேற்றைப் பூசும் வழக்கம் இருந்தது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் காணப்பட்டது. அரசு எச்சரிக்கை செய்து, மொத்தச் சந்தைகளில் கையடக்கக் கருவியால் பரிசோதித்து, பிடிபட்டவர்களைத் தண்டித்ததன் பின் 2021இல் எடுத்த மாதிரிகளில் அது காணப்படவில்லை. மஞ்சள் அதே நாட்டு மஞ்சள்தான், கண்காணிப்புத்தான் மாறியது.

கெய்சர் வீதி வணிகர் எழுதியது

நான் புறக்கோட்டையில் விளையாட்டுப் பொருள்களும் மின்சாரச் சாமான்களும் மொத்தமாக விற்கிறேன். எங்களைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது தெரியும். ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன்.

சீனாவின் யீவூ நகரச் சந்தைக்குப் பலமுறை போய் வந்திருக்கிறேன். அங்கே கடைக்காரர் முதலில் கேட்பது, எந்த நாட்டுக்கு, என்ன விலைக்கு என்பதைத்தான். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் பொம்மையை மூன்று விலைகளில் தருவார்கள். விலை கூடியதன் வண்ணப்பூச்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் பரிசோதனை அறிக்கை இருக்கும், மலிவானதற்கு இருக்காது. ஐரோப்பாவுக்குப் போவதும் அங்கிருந்துதான், எங்கள் நடைபாதைக் கடைக்கு வருவதும் அங்கிருந்துதான். எதைக் கொண்டுவருவது என்று தீர்மானிப்பவர் இங்கேயுள்ள இறக்குமதியாளர். அதனால் ‘சீனப் பொருள் கூடாது’ என்னும் பேச்சைக் கேட்கும்போதெல்லாம், குற்றம் எங்களைத் தாண்டிக் கடலுக்கு அப்பால் போய்விடுகிறதே என்று நினைப்பேன்.

2007இல் மட்டேல் என்னும் அமெரிக்க நிறுவனம் சீனாவில் செய்வித்த இலட்சக்கணக்கான விளையாட்டுப் பொருள்களைத் திருப்பி அழைத்தது. ஒரு பகுதியில் வண்ணப்பூச்சில் ஈயம் இருந்தது. அது தொழிற்சாலைத் தரப்பின் தவறு. ஆனால் அதைவிடப் பெரிய பகுதி, சிறு காந்தங்கள் கழன்று விழுந்ததால் திருப்பி அழைக்கப்பட்டது. அது நிறுவனம் தானே வரைந்த வடிவமைப்பின் குறை. அதே ஆண்டு செப்டெம்பரில் அந்நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் பெய்ஜிங்குக்குப் போய் இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

சகோதரி, 3 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் நான் ஈயத்துக்கு முன்பு அஞ்சுவது இந்தக் காந்தத்துக்கும் பொத்தான் மின்கலத்துக்கும்தான். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, நடுவிலுள்ள சுவரைத் துளைத்துவிடும். பொத்தான் மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை எரித்துவிடும். மின்கலப் பெட்டியின் மூடி திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நகத்தால் திறக்க முடிந்தால் அந்தப் பொருளை வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கியது என்பதைக் குறிக்கும் சீ.ஈ. என்ற எழுத்துகளை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலான விளையாட்டுப் பொருள்களில் அது தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் உறுதிமொழி.

என் மனத்தை இன்றும் உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பு, எந்தச் செருகியும் பொருந்தும் மலிவான நீட்டிப்புப் பலகைகளை ஒரு கொள்கலன் நிறையக் கொண்டுவந்தேன். நன்றாக விற்றன. ஒரு நாள் தெமட்டகொடையிலிருந்து ஒரு தாய், உருகிக் கருகிய பலகை ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு கடைக்கு வந்தார். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. “தம்பி, பிள்ளைகள் படுத்திருந்த அறை” என்று மட்டும் சொன்னார். அன்று மாலை மிகுதியில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உருகியிழையும் இல்லை, புவித்தொடுப்புக் கம்பியும் இல்லை. புவிமுனை வெறும் உலோகத் துண்டாக எதோடும் இணையாமல் நின்றது. எஞ்சியவற்றை அழித்துவிட்டேன். அதற்கு முன் விற்றவை எத்தனை வீடுகளில் இன்னும் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

நம் நாடு ஏற்றிருக்கும் தரம் 13 அம்பியர் சதுரமுனைச் செருகி. அதன் உள்ளே உருகியிழை இருக்க வேண்டும். மின்னோட்டமுள்ள இரு முனைகளின் அடிப்பாதி கறுப்பு உறையால் மூடப்பட்டிருக்க வேண்டும். வாங்கும்போது இதைப் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பற்றுச்சீட்டைக் கட்டாயம் கேளுங்கள். பற்றுச்சீட்டு எழுதத் தயங்குகிற கடையில் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவும் ஆள் இருக்காது. உணவுப் பொதியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் தொகுதி இலக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு தொகுதியைத் திருப்பி அழைக்க நேர்ந்தால் அந்த இலக்கம் ஒன்றே வழி. அவிழ்த்துச் சில்லறையாக நிறுத்து விற்கும் பால்மாவிலும் மசாலாத் தூளிலும் அது அறுந்துபோகிறது.

ஒரு தாதி எழுதியது

தோல் நோய்ச் சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவள் நான். எல்லோரும் உணவைப் பற்றியே எழுதுகிறீர்கள். வீட்டில் இளம் பெண்கள் இருப்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோலை வெளுப்பாக்கும் களிம்புகள் சிறு டப்பாக்களில் புறக்கோட்டையிலும், அழகு நிலையங்களிலும், இணையப் பக்கங்களிலும் விற்கப்படுகின்றன. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரச உப்பு தோலில் நிறமி உருவாவதைத் தடுப்பதால் இரண்டு வாரங்களிலேயே முகம் வெளுக்கிறது. அந்த விரைவே பிள்ளைகளை மயக்குகிறது. பின்னர் அது தோலின் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்குகிறது. காலையில் கண்ணிமையும் மாலையில் கணுக்காலும் வீங்கி, சிறுநீர் நுரைத்துப் போகும் நிலையில் வந்த இளம் பெண்களைப் பார்த்திருக்கிறேன். என்ன பூசுகிறாய் என்று கேட்டால் முதலில் சொல்ல மாட்டார்கள். கறுப்பாய் இருக்கிறாய் என்று வீட்டிலும் கல்யாணப் பேச்சிலும் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட பிள்ளைகள் அவர்கள். கடிந்துகொண்டால் டப்பாவை ஒளித்துவிடுவார்கள்.

பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. அழகுசாதனப் பொருளில் ஒரு கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் கூடாது என்று அது முதலில் வரையறுத்திருந்தது. பின்னர் 2023இல் அந்தச் சலுகையும் நீக்கப்பட்டு, பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவுமே கூடாது என்று நாடுகள் உடன்பட்டன. அப்படியிருந்தும் இவை பயணப் பெட்டிகளில் வந்துகொண்டிருக்கின்றன.

விவரச்சீட்டில் பாதரசம் என்று எழுதியிருக்க மாட்டார்கள். கலோமல், மேர்க்குரஸ் குளோரைட்டு என்ற பெயர்களைத் தேடிப் பாருங்கள். இன்னொரு அடையாளமும் உண்டு: பூசும்போது தங்க, வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சில தாள்களில் அச்சிட்டிருக்கும். பாதரசம் தங்கத்தோடு சேர்ந்து அதை வெண்மையாக்கிவிடும். செட்டியார் தெருப் பொற்கொல்லர் எவரைக் கேட்டாலும் சொல்வார். நகைக்குக் கேடு என்று எச்சரிக்கிறவர்கள் சிறுநீரகத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. பூசுகிறவரின் துவாய், தலையணை ஆகியவற்றின் மூலம் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் அது போய்ச் சேரும். சந்தேகம் இருந்தால் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்தைத் தொடர்புகொண்டு கேளுங்கள். டப்பாவை எறிந்துவிடாமல், இறுக மூடி, பொலித்தீன் பையில் இட்டுக் கையோடு கொண்டுபோங்கள்.

வெள்ளவத்தை வாசகி எழுதியது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

அம்மாவோடு சேர்ந்து வீட்டிலுள்ள சோற்றையும் ஊர் அரிசிச் சோற்றையும் தனித்தனியாக உருட்டிப் பார்த்தோம். மொட்டைக்கறுப்பனும் துள்ளியது. அம்மா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பருப்பைச் சூடாக்கச் சொன்னார். இப்போது இரண்டு வேளை சோறு உண்கிறார். ஐயா எழுதிய மோதக விளக்கத்தை அயல்வீட்டாருக்கும் சொல்கிறார்.

வணிகர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டு என் கணவர் வரவேற்பறையிலிருந்த நீட்டிப்புப் பலகையைத் திறந்தார். உருகியிழை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செப்புத் துண்டு இருந்தது. மகனின் பெட்டியில் நகத்தால் திறக்கக்கூடிய இரண்டு பொருள்கள் இருந்தன. மூன்றையும் அகற்றிவிட்டோம்.

தாதி அம்மா எழுதியதை நான் தங்கைக்கு அனுப்பினேன். அவள் பதில் அனுப்பவில்லை. இரவு எல்லோரும் படுத்த பின்பு ஒரு சிறு டப்பாவையும் மடித்த தாளையும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். ஐந்து மாதமாகப் பூசுகிறாளாம். வேலைத்தலத்துத் தோழி ஒருத்தி வாங்கித் தந்ததாம். தாளில் நகை பற்றிய அந்த வரி இருக்கிறது. அவளுடைய கழுத்துச் சங்கிலியில் ஒரு பக்கம் வெளிறியிருந்ததை நாங்கள் மட்டமான தங்கம் என்று நினைத்து நகைக்கடைக்காரரைக் குறை கூறியிருந்தோம். மகன் பெரும்பாலும் அவளுடைய தலையணையில்தான் உறங்குவான்.

நான் கடிந்துகொள்ளவில்லை. மறுநாளே வைத்தியரிடம் போனோம். தங்கைக்கும் மகனுக்கும் சிறுநீர் மாதிரி எடுத்திருக்கிறார்கள், முடிவு வியாழக்கிழமை வரும். படுக்கை விரிப்புகளையும் துவாய்களையும் என்ன செய்வது, கழுவினால் போதுமா, அல்லது அகற்றிவிட வேண்டுமா என்று தாதி அம்மா சொல்ல முடியுமா?

ஒரு தாதி எழுதியது

நல்லதையே செய்திருக்கிறீர்கள், மகள். அவள் தானாகக் கொண்டுவந்து தந்ததுதான் பெரிய காரியம். களிம்பு பட்ட தலையணையையும் துவாயையும் கழுவ வேண்டாம். கழுவினால் சலவை இயந்திரத்திலும் மற்ற துணிகளிலும் படியும். பொலித்தீன் பையில் இட்டு இறுகக் கட்டி வெளியே வையுங்கள், எரித்துவிடாதீர்கள். எரித்தால் பாதரசம் ஆவியாகி எழும். அறையின் சன்னல்களைத் திறந்து வைத்து, பிள்ளையை அம்மாவோடு படுக்க விடுங்கள். எப்படி அப்புறப்படுத்துவது என்று நச்சுத் தகவல் நிலையத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். வியாழக்கிழமை முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். களிம்பை வாங்கித் தந்த தோழிக்கும் சொல்லிவிட்டீர்களா?